மிளகெண்ணெய் குடித்த மோட்டார்

தோல் கருகும் வாடை. அதன்மேல் தேங்காயெண்ணெய் காயும் வாடை.

சென்ற வாரம் ஆரியசாலையில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு மாவு மில்லில் பெல்ட் வழுக்கிச் சக்கரத்தில் தேய்ந்துகொண்டிருந்தது. அடுத்த கடையில் நேந்திரங்காய் வறுவல் அப்போதுதான் சட்டியில் இறங்கியிருந்தது. இரண்டு வாடைகளும் சந்தின் நடுவே சந்தித்துக் கைகோத்துக்கொண்டு நேரே என் மூக்குக்கு வந்தன. என்ன வாங்க வந்தேன் என்பது மறந்துபோயிற்று. காலுக்கடியில் சமதரை சாய்ந்து மேடாயிற்று; எத்தனையோ வருஷம் பின்னால் போய்விட்டேன்.

நட்சத்திர பங்களாக் குன்றின் பாதி மேட்டில் நிற்கிறேன். வானத்தைப் பார்க்கும் குழாய் அங்கே இருப்பதால் ஊரார் வைத்த பெயர் அது. என் கையில் ஒரு கருங்கல். எதிரே ஒரு பச்சை மோட்டாரின் பின்சக்கரம். ஸ்டீயரிங்கில் கோமதி அக்கா. எஞ்சின் அலறுகிறது; வண்டி ஏறவில்லை. அலறல் கூடக் கூட வண்டி என்னை நோக்கிப் பின்னால் இறங்குகிறது.

"அம்பி! கல்லை வைடா!"

வைத்தேன். சக்கரம் கல்லில் ஏறிப் பார்த்தது, யோசித்தது, நின்றது. தரைப் பலகையின் இடுக்கிலிருந்து நீலமாய்ப் புகை வந்தது.

குன்றின் அடியில் ஒரு ஜோடி மாட்டு வண்டி காத்திருந்தது. வண்டிக்காரன் வைக்கோலை உதறி மாடுகளுக்குப் போட்டுவிட்டு, எங்களைக் கச்சேரி பார்ப்பது போல உட்கார்ந்து பார்த்தான். அவன் வந்தது எங்கள் எஞ்சினைக் கழற்றி எடுத்துப்போக.

நாய்க்குட்டி போல வந்த வண்டி

அக்கா டாக்டர். மதராஸில் படித்து முடித்து, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கோட்டைக்குள் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்தவள். தெரு அவளை மன்னிக்கவில்லை. ஆனால் ஜுரம் வந்தால் கூப்பிட்டது.

நெடுமங்காட்டுக்கு அப்பால், மலையடிவாரத்தில் புதிதாக ஒரு மருந்தாஸ்பத்திரி திறப்பதாக இருந்தது. அக்கா கேட்டாள். நியமிக்க வேண்டியவர் இந்தக் குன்றின் உச்சியில் குடியிருந்த பெரிய டாக்டர். நல்ல மனுஷர், சந்தேகப் பிராணி. அங்கே பஸ் போகாத கிராமங்கள் உண்டு, பிரசவ வலி பஸ்ஸுக்குக் காத்திருக்காது, சொந்த வாகனம் இல்லாதவரை அனுப்ப மாட்டேன் என்றார். மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒரு ஆண் டாக்டரின் பெயரும் அவர் மேஜைமேல் இருந்தது.

அக்காவிடம் வாகனம் இருந்தது. அது ஓடாது என்பது ஒன்றுதான் குறை.

பொன்முடித் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவரின் மனைவியை டைபாய்டிலிருந்து அக்கா மீட்டிருந்தாள். அவர்கள் சீமைக்குக் கப்பலேறும்போது, வளர்த்த நாய்க்குட்டியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போவார்களே, அப்படிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டே பேர் உட்காரும் பந்தய மோட்டார். படகு மாதிரி வால். கியர்க் கம்பி கதவுக்கு வெளியே. அதன் இளமைக் காலத்தில் ஏதோ சீமைப் பந்தயங்களில் புழுதி கிளப்பியதாம். எங்களிடம் வந்தபோது மாடு கட்டி இழுத்து வந்தார்கள். பின் சந்து வழியாக, பசு இல்லாமல் காலியாகக் கிடந்த எங்கள் தொழுவத்தில் அதைக் கட்டினோம். 'கட்டினோம்' என்றுதான் அம்மா சொல்வாள்.

எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவைச் சுத்தம் செய்தோம். கார்புரேட்டரிலிருந்து ஒரு குளவிக் கூட்டை எடுத்தோம். ஒரு மாலை, ஊர் விளக்கேற்றும் நேரத்தில், அது திடீரென்று இருமிக்கொண்டு உயிர் பெற்றது. தெருவே கொல்லைக்கு ஓடி வந்தது. நான் அழுதேன் என்று அக்கா சொல்வாள். புகை என்பேன் நான்.

எஞ்சின் ஓடியது. வண்டி நகரவில்லை. கிளட்ச்.

தோலைத் தேடி

மோட்டார் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் சுற்றைப் பிடித்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் கைதான் கிளட்ச். இந்தப் பழைய வண்டியில் அது ஒரு இரும்புக் கூம்பு. கூம்பைச் சுற்றி ஒரு தோல் பட்டை. எஞ்சினின் கனத்த சக்கரத்தில் அதற்கென்று ஒரு குழி. கூம்பு குழிக்குள் போய் உட்கார்ந்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும். தோல் பிடிக்க வேண்டும். வழுக்கினால் எஞ்சின் தனியாகக் கத்தும், வண்டி தனியாக நிற்கும், பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பதிகள் மாதிரி.

எங்கள் கூம்பில் இருந்த தோல் காய்ந்து, கருகி, சுட்ட அப்பளம் போல விரலில் பொடிந்தது.

மதராஸ் ஏஜெண்டுக்கு எழுதினோம். அந்த வண்டியைச் செய்த கம்பெனியே மூடியாயிற்று என்று பதில் வந்தது. பம்பாய்க்காரன் வேறு ஏதோ வண்டியின் கிளட்சை வாங்கிக்கொள்ளச் சொன்னான். அதைப் போட வேண்டுமானால் அந்த வேறு வண்டியையும் வாங்க வேண்டும்.

"சும்மா இருடே. தோல்தானே? நாமே போட்டுக்கலாம்" என்றான் தேவதாஸ்.

தேவதாஸ் என் சிநேகிதன். மார்த்தாண்டம் பக்கத்துக் கிறிஸ்தவன். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கோணமும் வட்டமும் சொல்லிக்கொடுக்கும் க்ஷேத்திர கணித வாத்தியார். வண்டியோடு வந்திருந்த இங்கிலீஷ் கையேட்டை அவன் கையில்தான் கொடுத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கிற அதே குரலில் அதை வாசிப்பான்.

மில் ஓட்டும் பெல்ட் தோல் இதற்கு உத்தமம் என்று கையேடு சொல்லியது. இழுபட்டுப் பழகிய தோல், இனி நீளாது. ஆரியசாலையில் எண்ணெய் மில் வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் சங்கரலிங்கம் பிள்ளையிடம் போனோம்.

"வாங்க அய்யரே. டாக்டரம்மா வண்டிக்கு வைத்தியம் பாக்க ஊர்ல டாக்டரே இல்லையாக்கும்?" என்று கடைச் சிப்பந்திகளுக்கும் கேட்கும்படி சிரித்தார். பிறகு பழைய பெல்ட் ஒன்றைச் சுருள் சுருளாக எங்கள் முன்னால் போட்டார்.

"காசு வேண்டாம். வண்டி குன்று ஏறிட்டா பெல்ட் உங்களுக்கு. ஏறலைன்னு வைங்க, எஞ்சினை எனக்குத் தந்திரணும். நம்ம மில்லுல நல்லா ஓடும்."

நான் தேவதாஸைப் பார்த்தேன். தேவதாஸ் தோலைப் பார்த்தான். பின்னால் நின்றிருந்த அக்கா சொன்னாள்: "சரி. சனிக்கிழமை காலம்பற வண்டி அனுப்புங்கோ. சும்மா திரும்பிப் போகத்தான் போறது."

பெரிய டாக்டருக்கும் அவள் அதே சனிக்கிழமையைத்தான் சொல்லியிருந்தாள். வண்டி தானாக ஏறி வந்து அவர் கேட்டைத் தொட்டால் திங்கட்கிழமை அக்கா புறப்படலாம். இல்லையென்றால் மோட்டார் சைக்கிள்.

வறுவல் பொட்டலம்

பெல்ட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது அம்மா வழி மறித்தாள்.

"என்ன தோல்டா அது?"

"எருமை, அம்மா."

"பசு இல்லையே?"

"இல்லவே இல்ல."

"கொல்லையோட வச்சுக்கோங்கோ." ஒரு கை ஜலத்தை எங்கள்மேலும் தோல்மேலும் பாரபட்சமில்லாமல் தெளித்தாள்.

க்ஷேத்திர கணித வாத்தியார் கூம்பின் சுற்றளவை நூலால் அளந்தார், நேராக ஒரு பட்டை வெட்டினார், வைத்தார். ஒரு விளிம்பு ஒட்டியது. மறு விளிம்பு பாவாடை போலச் சுருங்கி நின்றது. தேவதாஸ் இழுத்தான். இந்த விளிம்பு எழும்பியது. மறுபடி வெட்டினான். பெல்ட் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் முகமும்.

"தோல் சரியில்லடே" என்றான். தோற்றவர்கள் எல்லோரும் சொல்வதுதான்.

நான் இதற்கிடையே ஒன்றும் செய்யவில்லை. தொழுவத்து மண்சுவரில் சாய்ந்து வறுவல் தின்றுகொண்டிருந்தேன். அந்த நாட்களில் என் முழுநேர உத்தியோகம் கவிதை. அதற்கு வறுவல் அவசியம். நியூஸ் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிய பொட்டலம். சூடான வறுவலின் எண்ணெய் காகிதத்தில் ஊறி, கூம்பைச் சுற்றி ஒழுங்காக ஒரு வளையம் போட்டிருந்தது. வறுவல் தீர்ந்தது. அடியில் ஒட்டிய உப்பை நக்கலாம் என்று பொட்டலத்தைப் பிரித்தேன்.

எண்ணெய் வளையம் நேர்கோடாக இல்லை. பிரித்த காகிதத்தில் அது வில்லாக வளைந்து, வாய் நிறையச் சிரித்தது.

மறுபடி சுருட்டினேன்: நேரான வளையம். பிரித்தேன்: வில். சுருட்டினேன். பிரித்தேன். உள்ளங்கையில் பிறைச்சந்திரனைப் பிடித்துவிட்டவன் போல எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"தேவதாஸ்! நேரா வெட்டாதே! வளைச்சு வெட்டு!"

அவன் எரிச்சலோடு திரும்பினான். காகிதத்தைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். அப்படியே தொழுவத்து வைக்கோலில் உட்கார்ந்துவிட்டான்.

"எட்டாங்கிளாஸ் பாடம்டே. போன மாசம்கூட நடத்தினேன். வெளிய சொல்லிராத, கேட்டியா."

கூம்பைக் காகிதத்தால் சுற்றி, மேலும் கீழும் கோடு போட்டு, பிரித்து, அந்த இரட்டை வில்லைத் தோலில் வைத்து வெட்டினோம். மிச்சமிருந்த பெல்ட்டின் அகலத்துக்கு ஒரே துண்டு கிடைக்கவில்லை, மூன்று துண்டுகள். சாலைத் தெருவில் செம்புப் பாத்திரத்துக்குப் பிடி வைக்கும் குட்டித் தறையாணிகள் கிடைத்தன. தோலை ஊற வைத்து, இழுத்து, ஆணி அடித்தோம். ஆணித் தலைகள் தோலுக்குள் அமிழ்ந்திருக்கின்றனவா என்று அக்கா ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள், தையல் போட்ட புண்ணைப் பார்ப்பது போல.

கடைசியில் விளக்கெண்ணெய். கையேட்டின் கட்டளை: தோல் மிருதுவாக இருக்க விளக்கெண்ணெய் தடவுக, மிகக் கொஞ்சமாக. தேங்காய் நாரில் தொட்டு, நோயாளியின் உதட்டில் தேன் தடவுவது போலத் தடவினோம். சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை வண்டி தொழுவத்திலிருந்து தானாக வெளியே வந்தது. பின் சந்தில் போயிற்று, வந்தது. கிழக்கேகோட்டை வாசல்வரை போயிற்று, வந்தது. தோல் பிடித்தது. பிடித்த பிடியில் எங்கள் கழுத்துகள் பின்னால் வெட்டின. அக்கா சிரித்த சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. எந்தப் பரீட்சை பாஸ் செய்தபோதும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

குன்றில்

சனிக்கிழமை காலை. அக்கா ஓட்ட, நான் பக்கத்தில். தேவதாஸ் படிப்பலகையில் தொற்றிக்கொண்டு, கையேடு கக்கத்தில். தம்பானூர் தாண்டும்வரை சுகம். அதன்பின் எஞ்சின் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போடுவதாகத் தோன்றியது. குன்றின் அடியில் பிள்ளையின் மாட்டு வண்டியைக் கடந்தபோது வண்டிக்காரன் எழுந்து நின்று கும்பிட்டான். மரியாதையா, கேலியா, தெரியவில்லை.

பாதி மேடு. அங்கேதான் நான் கல் வைத்தது.

தேவதாஸ் தரைப் பலகையைக் கழற்றினான். உள்ளே எட்டிப் பார்த்தான். முகர்ந்தான்.

"இது விளக்கெண்ணெய் இல்ல. தேங்காயெண்ணெய்! யாருடே இவ்வளவு ஊத்தினது? குளமாக் கெடக்கு!"

நான் உள்ளே கையை விட்டேன். தோல் சளசளவென்று இருந்தது. விரல் நுனியில் குண்டாக ஏதோ உருண்டது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

ஒரு மிளகு.

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெயில் மிளகு போட்டுக் காய்ச்சுவது ஒரே ஒருத்திதான். அதுவும் ஒரே ஒரு காரியத்துக்கு. பெண் குழந்தைகளுக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். நேற்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை பிரயாணம் போக வேண்டிய பெண்ணுக்கு, தோல் காய்ந்திருந்த பெண்ணுக்கு, அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறாள். எருமைத்தோல் என்று தெரிந்தும்.

"என்னது? என்ன சங்கதி?" என்றான் தேவதாஸ்.

"வண்டிக்கு நேத்திக்கு வெள்ளிக்கிழமை ஸ்நானம்" என்றாள் அக்கா. உதடு சிரித்தது; கண் குன்றின் உச்சியில் இருந்தது. பெரிய டாக்டர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

தேவதாஸ் பக்கம் புரட்டினான். "தோலில் எண்ணெய் மிகுந்தால் நைசான உலர்ந்த மண் தூவணும்னு போட்டிருக்கு. சீமையில ஒரு தினுசு மண் உண்டாம்."

"ரோட்டு மண்?"

"மணல் கலந்தா தோலைத் தின்னுரும். மாவு போல இருக்கணும். எண்ணெயைக் குடிக்கணும்."

ஆஸ்பத்திரிப் பவுடர் டப்பா வீட்டில். கடை கண்ணி எதுவும் மேட்டில் இல்லை. அக்கா சீட்டுக்குப் பின்னால் கையை விட்டாள். திங்கட்கிழமைப் பயணத்துக்கான முதல் சாமானாக அன்று காலையே அம்மா வண்டியில் ஒரு துணி முடிச்சு வைத்திருந்தாள். ஊர் மாறிப் போகிறவளுக்கு வருஷத்துக்குப் போதும் என்று பெரிய முடிச்சு. அக்கா அவிழ்த்தாள். வெள்ளை வெளேரென்று, வாசனையாக, வழவழவென்று விபூதி.

தேவதாஸ் படிப்பலகையிலிருந்தே இறங்கிவிட்டான். "டாக்டரக்கா, வேண்டாம். அது சாமி காரியமாக்கும். என்னைப் போடச் சொல்லாதீங்க."

"நீ போட வேண்டாம். நான் போடறேன். அம்மா எண்ணெய்க்கு அம்மா விபூதியேதான் மருந்து. நல்ல நைஸ் சாம்பல், நன்னாக் குடிக்கும்."

அவள் மேல்துணியால் எண்ணெயை ஒற்றி எடுத்தோம். பெடலை நான் கையால் அமுக்கிப் பிடிக்க, கூம்பு விலகிய இடுக்கில் அக்கா ஊதி ஊதித் தூவினாள். சாம்பல் மேகமாக எழும்பியது. தும்மினோம். மறுபடி தூவினாள். கீழே மாட்டு வண்டிக்காரன் மாடுகளை நுகத்தில் பூட்டினான்.

அதைப் பார்த்ததும் அக்கா சீட்டில் ஏறினாள். "தள்ளிக்கோங்கோ, ரெண்டு பேரும் நடந்து வாங்கோ. பாரம் வேண்டாம்."

எஞ்சின். கியர். அவள் இடது கால் மெதுவாக எழும்பியது.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு வண்டியின் முதுகு ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. அலறல் இறங்கி உறுமலாயிற்று. கல் சக்கரத்திலிருந்து தனியாகக் கழன்று உருண்டது. வண்டி ஏறியது.

ஏறியது! நான் இதுவரை எழுதிய வரிகள் எல்லாவற்றையும் கொடுத்து அந்த ஒரு வினைச்சொல்லை வாங்கிக்கொள்வேன். சரளைக் கற்கள் சிதறின, மரங்கள் ஒதுங்கின, பச்சை வால் வளைவில் மினுங்கி மறைந்தது, உறுமல் மட்டும் குன்றைச் சுற்றிச் சுற்றி மேலே போயிற்று. நானும் தேவதாஸும் பின்னால் ஓடினோம், கையேடு எங்கோ விழுந்தது, அவன் அல்லேலூயா என்று கத்தினான், நான் அர்த்தமில்லாமல் கத்தினேன்.

நாங்கள் மூச்சிரைக்க உச்சியை அடைந்தபோது வண்டியின் மூக்கு பெரிய டாக்டரின் கேட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் வாசலில். அக்காமேல் முழங்கைவரை, மூக்குவரை விபூதி. எங்களையும் பார்த்தார்.

"இதெந்தா, பூஜையோ?"

"ரிப்பேர், சார்" என்றாள் அக்கா.

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வந்த பாதையின் சரிவை ஒருதரம் எட்டிப் பார்த்தார். "கொள்ளாம்" என்றார். மலையாளத்தில் அது 'பரவாயில்லை' முதல் 'பிரமாதம்' வரை எதுவானாலும் ஆகலாம். பின், "திங்கட்கிழமை" என்றார். அதற்கு ஒரே அர்த்தம்தான்.

இறங்கும்போது மாட்டு வண்டி வெறுமனே எங்களுக்கு வழி விட்டது. மாலையில் பிள்ளை ஒரு டின் விளக்கெண்ணெய் அனுப்பியிருந்தார். இனி அய்யமார் வண்டிக்கு வேறு எண்ணெய் ஊற்ற வேண்டாம் என்ற செய்தியோடு.

திங்கட்கிழமை

நாங்கள் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு முழுக்க தேவதாஸ் மண்ணெண்ணெயால் தோலைக் கழுவுவதை ஜன்னலிலிருந்து பார்த்து அவளே தெரிந்துகொண்டாள். அன்று சமையலில் மிளகே இல்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் பெட்டிகளை ஏற்றினோம். தெரு முழுதும் வாசலில் நின்றது. இதுவரை அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசாத எதிர்வீட்டு மாமாகூட, "ஜாக்கிரதையாப் போ, கோமு" என்றார். அம்மா மட்டும் வெளியே வரவில்லை. உள்ளே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா போய் நமஸ்காரம் செய்தாள்.

"வாசல் வரைக்கும் வாயேன்மா."

"மாட்டேன். என் கைப்பட்டு ஒரு தரம் நின்னது மதி, போறும்" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வழியனுப்ப நானும் வண்டியில் கூடப் போனேன். பேரூர்க்கடை தாண்டி, நெடுமங்காட்டு ரோடு மேடேறத் தொடங்கும் இடத்தில் என்னை இறக்கிவிட்டாள். நான் பஸ் பிடித்துத் திரும்ப வேண்டும். இருபுறமும் மரவள்ளித் தோட்டம். இலைகளிலிருந்து பனி சொட்டியது. அவள் அந்த மேட்டைப் பார்த்தாள். நட்சத்திர பங்களாக் குன்றைவிட நீளமான மேடு, முடிவு தெரியவில்லை.

என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். "தனியாப் போறியே" என்றேன்.

அவள் கியரை மாற்றினாள். வண்டி நகர்ந்தது. மாற்றினாள். வேகம் பிடித்தது. மேட்டின் நடுவில், எந்த வண்டியும் கீழ் கியருக்கு இறங்கித் தவிக்கும் இடத்தில், அவள் கை கதவுக்கு வெளியே நீண்டு கம்பியை இன்னும் ஒருதரம் முன்னால் தள்ளியது. எஞ்சின் முணுமுணுக்கவில்லை. அவள் திரும்பாமலே கத்தினாள். காற்று அதைச் சிந்தாமல் என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது:

"அம்பி! ஆத்துக்குப் போய் அம்மாட்ட சொல்லு! டாப் கியர்ல ஏறறதுன்னு சொல்லு!"